காவலனும் கூக்குரலும்

பூட்டுக்குப் புகழ்பெற்றது நமது திண்டுக்கல். 2019ஆம் ஆண்டில் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நல்ல பூட்டானது கதவைக் காக்குமேயன்றி வீட்டாரை ஓயாது கூவியழைப்பதில்லை.

எம் இல்லத்துக் கணினியிலுள்ள ஆன்டிவைரஸோ அவ்வாறன்று. யாம் பாடக் குறிப்பெழுத அமருந்தோறும், ‘ஆபத்து! உடனே பணங்கட்டிப் புதுப்பிக்க!’ என்று திரையின் மூலையில் அலறும். சின்னாள் அஞ்சினோம், பின்னர்ப் படியாமலே மூடப் பழகினோம். அப்பழக்கமே பெருந்தீங்கு என்பது எமது துணிபு. 2017ஆம் ஆண்டு மே மாதத்தில் வான்னாகிரை என்னும் நச்சுநிரல் ஏறத்தாழ 150 நாடுகளிற் பரவிற்று. அது புகுந்த வழியை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் நிறுவனம் மார்ச்சு மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. அத்திருத்தம் பெறாத கணினிகளே இடருற்றன.

ஆதலின், எல்லா அறிவிப்புகளையும் ஒருங்கே அடைத்தல் மடமை. ஆராய்ந்து பிரித்தலே அறிவுடைமை. யாம் ஆராய்ந்தபோது, எம் கணினியிற் கூவியவை இருவகையெனக் கண்டோம். ஒருவகை, ஆன்டிவைரஸ் வேடமிட்ட இணையத்தளங்களின் விளம்பரம். அறியாது அவற்றுக்கு அளித்த இசைவைப் பிரவுசரின் அமைப்புப் பகுதியில் நீக்கினோம், அவை ஒழிந்தன. மற்றொருவகை, காலங்கடந்த மென்பொருளின் சந்தா வேண்டுகோள். அம்மென்பொருளை அகற்றினோம், விண்டோஸுடன் வரும் டிஃபெண்டர் தானே காவலேற்றது. அதன் புதுப்பித்தலை மட்டும் தவறாது ஏற்று வருகிறோம்.

அச்சங்காட்டி வாணிகம் செய்வோர்க்கு யாம் கூறுவது ஒன்றே: நாடோறும் பொய்க்கூச்சலிடும் காவலனின் மெய்க்கூச்சலை, கள்வன் வந்த இரவில் ஊரார் கேளார்.