சேத்தக்கின் அந்த நீள போல்ட்

பழைய பஜாஜ் சேத்தக் வைத்திருப்பவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். ஓட்டுவதில்லை, விற்கவும் மனசு வரவில்லை. மாடிப்படிக்குக் கீழே போர்வை போர்த்தி நிறுத்தியிருப்பார்கள். என்றாவது ஒருநாள் மகனோ பேரனோ அதை மறுபடி ஓட்ட ஆசைப்படுவான், வண்டி பட்டறைக்குப் போகும், இன்ஜினை இறக்க வேண்டும் என்பார்கள். அந்த நேரத்தில் சுத்தியலை எடுக்க விடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

மோட்டார் சைக்கிளில் இன்ஜின் ஃபிரேமோடு அசையாமல் உட்கார்ந்திருக்கும். சேத்தக்கில் அப்படி இல்லை. பின்சக்கரத்தைத் தாங்குவது இன்ஜின்தான். பள்ளம் மேட்டில் சக்கரத்தோடு சேர்ந்து ஏறி இறங்குவதும் அதுதான். பின்னால் ஷாக் அப்சார்பர், முன்னால் ஒரு நீள போல்ட், இந்த இரண்டு இடத்தில்தான் அது வண்டியோடு பிணைந்திருக்கிறது. போல்ட் போகும் வழியில் இருப்பவை சைலன்ட் பிளாக் புஷ்கள். வெளியே ஒரு இரும்புக் குழாய், உள்ளே சின்னதாக இன்னொன்று, நடுவில் ரப்பர். அந்த ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்புவதால்தான் இன்ஜின் ஆடுகிறது. கிரீஸ் அடிக்க அங்கே வழியும் கிடையாது, தேவையும் கிடையாது.

வினை அங்கேதான். மழைத் தண்ணீரும் வாட்டர் சர்வீஸ் தண்ணீரும் போல்ட்டுக்கும் உள்குழாய்க்கும் நடுவே இறங்கி நின்றுவிடும். இரும்பு துருவானால் முன்பைவிட அதிக இடம் கேட்கும். இடம் இல்லாத இடத்தில் இடம் கேட்டால் இறுகத்தானே செய்யும்? நட்டு சமர்த்தாகக் கழன்று வந்துவிடும். போல்ட் மட்டும் வராது. ஸ்பேனர் போட்டுத் திருப்பினால் கொஞ்சம் சுற்றும், கையை எடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்தால், போல்ட்டும் உள்குழாயும் ஒன்றாகிவிட்டன என்று தெரிந்துகொள்ளலாம்.

"அடிச்சா வந்துரும் சார்" என்பார்கள். வராது. அடிக்கிற அடியில் பாதியை ரப்பர் வாங்கிக்கொள்ளும். மீதி, போல்ட்டின் முனையைக் காளான் மாதிரி விரித்துவிடும். அப்புறம் அது துளைக்குள் நுழையவே நுழையாது. இன்னும் ஓங்கி அடித்தால் விரிசல் விடுவது அலுமினிய கேசிங்கின் கை. போல்ட்டும் புஷ்ஷும் மலிவான சாமான். கேசிங் அப்படியல்ல. இன்ஜின் நம்பர் குத்தியிருப்பது அதில்தான், ஆர்.சி.யில் இருப்பதும் அந்த நம்பர்தான். 15 வருடம் தாண்டிய வண்டியின் பதிவைப் புதுப்பிக்கப் போனால் அதைத்தான் தேடிப் பார்ப்பார்கள். வேறு கேசிங் மாட்டிவிட்டு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் நடப்பதற்கு நம் முழங்காலில் தெம்பு வேண்டும்.

ஆகவே போல்ட்டைப் பலி கொடுப்பதே சரி. இரண்டு மூன்று நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்துப் பார்க்கலாம். டீசலோ, கடையில் விற்கும் துரு இளக்கும் ஸ்பிரேயோ. அசையவில்லையா, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை முட்டுக் கொடுத்துவிட்டு, ஃபிரேமுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே உள்ள சந்தில் வெறும் ஆக்சா பிளேடை நுழைத்து இரண்டு பக்கமும் அறுத்துவிட வேண்டும். பிளேடின் ஒரு முனையில் துணி சுற்றிக்கொண்டால் அதுவே கைப்பிடி. கை வலிக்கும், நேரம் ஆகும், ஆனால் எதுவும் உடையாது.

இன்ஜின் கீழே வந்தபிறகு புஷ்ஷைக் கழற்றவும் அடி வேண்டாம். மரை போட்ட நீளக் கம்பி, இரண்டு நட்டு, தடித்த வாஷர், புஷ்ஷைவிடக் கொஞ்சம் அகலமான ஒரு துண்டுக் குழாய் போதும். நட்டை முறுக்க முறுக்க புஷ் குழாய்க்குள் வந்து சேரும். பிடிவாதம் பிடித்தால் கேசிங்கைச் சுற்றி மிதமாகச் சூடு காட்டலாம். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், பிடி தளரும். வெளியிடத்தில் செய்யுங்கள், ரப்பர் கருகும் புகை நல்லதல்ல. பெட்ரோல் பக்கத்தில் இருக்கவே கூடாது.

மெக்கானிக் பையன்களை நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் பத்து வண்டி நிற்கும்போது எவன் உட்கார்ந்து ஆக்சா பிளேடு இழுப்பான்? வேலைக்கு இவ்வளவு என்று அடித்துப் பேசும் நாம்தான் அவன் கையில் சுத்தியலைக் கொடுக்கிறோம். "ஒரு நாள் கூலி தனியாகத் தருகிறேன், அறுத்தே எடு தம்பி" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவனும் நிதானமாகச் செய்வான். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வதும் உதவும்.

புது புஷ் ஏற்றும்போது ரப்பரில் எண்ணெய் படவிடாதீர்கள், ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். புது போல்ட்டின் உடம்பில் மட்டும் மெல்லியதாகக் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். கடைசியாக, நட்டை இறுக்கும்போது வண்டி தன் இரண்டு சக்கரத்தில் நிற்கவேண்டும், பின்சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கக் கூடாது. தொங்கும்போது இறுக்கினால் வண்டியை இறக்கியதுமே ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும், சீக்கிரம் கிழியும். யாராவது ஒருவர் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கும். அதற்குத்தான் ஸ்டூலில் நாம் இருக்கிறோமே.