கேஸ் விலையும் நகராத வண்டியும்

டிஸ்கி: பெரிய பிக்கப் டிரக்கும் அதுக்குப் பின்னால இழுத்துட்டுப் போக ஒரு குட்டி வீடும் வச்சிருக்கிறவங்களைத் திட்டி எழுதின பதிவு இது. அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன்கிறதால திட்டுற உரிமை எனக்கு உண்டு :-)

"கேஸ் விலை ஏறிப்போச்சுப்பா, இந்த வருஷம் கேம்ப்பிங் எல்லாம் கேன்சல்."

இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டு காது புளிச்சுப் போச்சு மக்களே. 2008 ஜூலைல சராசரி விலை கேலனுக்கு 4.11 டாலர் தொட்டப்ப சொன்னாங்க. 2022 ஜூன்ல 5.02 ஆனப்ப சொன்னாங்க. அடுத்த தடவை ஏறும்போதும் சொல்லத்தான் போறாங்க. சொல்லிட்டு என்ன பண்ணுவாங்க? மாசம் தவறாம லோன் கட்டுற வண்டியை ஸ்டோரேஜ் யார்டுல நிறுத்தி, மேல தார்ப்பாய் போட்டு மூடிட்டு, வீட்டுல உக்காந்து செய்தி சேனல் பாத்து பெருமூச்சு விடுவாங்க.

ஊர்ல இருக்கிற நண்பர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்மூர்ல கேரவன்னா ஷூட்டிங் ஸ்பாட்ல ஹீரோ ஏசி போட்டு உக்காந்திருக்கிற வண்டி. இங்க டிராவல் டிரெய்லர்னா இன்ஜின் கிடையாது. கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ், டாய்லெட் எல்லாம் இருக்கிற 20, 25 அடி நீளப் பெட்டி. அதை டிரக்குக்குப் பின்னால ஹிட்ச்சுல மாட்டி இழுத்துட்டுப் போகணும். தனியா ஓடினா ஹைவேல 19, 20 மைல் கொடுக்கிற என் டிரக், பெட்டியை மாட்டினா 10 கொடுக்கும். அதாவது மைலேஜ் பாதி. இவங்க பயப்படுறதுக்குக் காரணம் இந்தப் பாதிதான். பயம் சரியான்னு ஒரு கணக்கு போட்டுப் பாத்துரலாம், வாங்க.

நான் இருக்கிறது ஒஹாயோ மாநிலம் கொலம்பஸ். எங்க ஆளுங்களுக்குப் பிடிச்ச பெரிய டிரிப்னா டென்னசி ஸ்மோக்கி மலை. போகவர, அங்க சுத்துறது எல்லாம் சேர்த்து 800 மைல்னு வச்சுக்குங்க. 80 கேலன். கேலன் 3 டாலர்னா 240. 5 டாலர்னா 400. வித்தியாசம் 160 டாலர். 160 டாலர் யாருக்கும் சும்மா வர்றதில்ல, ஒத்துக்குறேன். ஆனா அந்தப் பக்கத்துக் கணக்கையும் பாக்கணும்ல?

30,000 டாலர் லோன், 8 சதவீத வட்டி, 12 வருஷம். மாசத் தவணை 325 டாலர் சொச்சம். வருஷத்துக்கு 3,900. வீட்டு முன்னாடி நிறுத்த அசோசியேஷன்காரன் விடமாட்டான், அதனால ஸ்டோரேஜ் மாசம் 75, வருஷம் 900. இன்சூரன்ஸ் ஒரு 400. ஆக மொத்தம் 5,200 டாலர். இது வண்டி ஒரு அங்குலம் நகரலைன்னாலும் போற காசு. வருஷத்துக்கு 25 ராத்திரி அதுல தூங்கினா ஒரு ராத்திரிக்கு 208 டாலர். கேஸ் விலைக்குப் பயந்து அதை 12 ராத்திரி ஆக்கினா? ஒரு ராத்திரி 433 டாலர்! 160 டாலரை மிச்சம் பிடிக்கிறேன்னு சொல்லி தன் கட்டிலோட வாடகையையே இரண்டு மடங்கு ஆக்கிக்கிறாங்க நம்ம புத்திசாலிங்க.

இந்த இடத்துல எக்கனாமிக்ஸ் படிச்ச அண்ணன்கள் கை தூக்குவாங்க. "தம்பி, லோன் எப்படியும் கட்டுறதுதான், மூழ்கின காசு. அதை வச்சு முடிவு எடுக்கக் கூடாது. இனிமே ஆகப்போற செலவை மட்டும் பாரு." சரிங்கண்ணே, அப்படியே பாப்போம். இனிமே ஆகப்போற கூடுதல் செலவு அந்த 160 டாலர். நாலு பேர் இருக்கிற குடும்பம், அஞ்சு ராத்திரி. ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 டாலர். இதுக்காகவா பசங்களோட கோடை லீவைக் கேன்சல் பண்றீங்க? எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் கணக்கு ஒரே இடத்துலதான் வந்து நிக்குது.

ஸ்மோக்கியாவது தூரம். இங்கேர்ந்து 60 மைல்ல ஹாக்கிங் ஹில்ஸ் இருக்கு. போகவர 120 மைல், 12 கேலன். கேலனுக்கு 2 டாலர் ஏறினா கூடுதலா 24 டாலர். நாலு பேர் ஒரு தடவை பீட்ஸா சாப்பிட்டா இதை விட அதிகம் ஆகுது. 2022ல அதையும் கேன்சல் பண்ணினவங்களை எனக்கு நேர்லயே தெரியும். கேட்டா "பிரின்சிபிள்"ங்கிறாங்க. என்ன பிரின்சிபிளோ!

எனக்கு என்ன தோணுதுன்னா, ஊர்லயே மிகப் பெரிய எழுத்துல, தெரு முனைல, ராத்திரி லைட் போட்டு விலை எழுதி வைக்கிற ஒரே சரக்கு கேஸ்தான். பால் விலையை யாரும் கம்பம் நட்டு எழுதுறதில்ல. லோன் வட்டி எவ்வளவுன்னு டீலர் கடை வாசல்ல இரண்டடி எழுத்துல போட்டிருந்தா பாதிப் பேர் வண்டியைத் திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பாங்க. அங்க என்ன எழுதியிருப்பாங்க? "மாசம் வெறும் 249 டாலர்!" எத்தனை மாசம்னு கீழ எறும்பு சைஸ்ல இருக்கும். நான் போன ஒரு கடைல 15 வருஷம் வேணுமா 20 வருஷம் வேணுமான்னு ஏதோ காபில சர்க்கரை எத்தனை ஸ்பூன்ங்கிற மாதிரி கேட்டாங்க. ஒழுகாம 20 வருஷம் ஓடுற டிரெய்லர் கூரை எத்தனை இருக்குன்னு வச்சிருக்கிறவங்களைக் கேட்டுப் பாருங்க.

சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லலை, சரித்திரமும் என் பக்கம்தான். இண்டியானால எல்கார்ட்னு ஒரு ஊர். அமெரிக்காவுல தயாராகிற ஆர்.வி.ல பெரும்பகுதி அந்தச் சுத்து வட்டாரத்துலதான் தயாராகுது. 2006ல ஃபேக்டரிங்க அனுப்பின வண்டி 3,90,500. 2009ல அது 1,65,700ன்னு படுத்துருச்சு. எல்கார்ட்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒருத்தருக்கு வேலை இல்லாம போச்சு. ஒபாமா பதவிக்கு வந்த அடுத்த மாசமே அந்த ஊருக்குப் போய் நின்னார். ஃப்ளீட்வுட் மாதிரி பெரிய கம்பெனியே 2009 மார்ச்ல திவால். இன்னிக்கும் ஜனங்க "2008ல கேஸ் விலை ஏறி ஆர்.வி. தொழிலே படுத்துச்சு"ன்னுதான் பேசுறாங்க. ஆனா 2008 டிசம்பர்ல கேஸ் விலை என்ன தெரியுமா? 2 டாலருக்கும் கீழ! கேஸ் மலிவா கிடைச்ச வருஷத்துலதான் தொழில் அதல பாதாளத்துக்குப் போச்சு. ஏன்னா பேங்க்குங்க லோன் கொடுக்கிறதை நிறுத்திட்டாங்க, ஜனங்களுக்கு வேலை போச்சு.

சரி, பழைய கதை வேணாம்னா புதுசைப் பாருங்க. கொரோனாவுக்கு அப்புறம் ஆளாளுக்கு டிரெய்லர் வாங்கி 2021ல 6,00,000 வண்டி வித்துச்சு. 2022ல கேஸ் 5 டாலர் போச்சு, அந்த வருஷம் 4,93,000. 2023ல கேஸ் விலை நல்லாவே இறங்கிச்சு. அப்ப வியாபாரம் ஏறணும்ல? 3,13,000க்கு விழுந்துச்சு. அந்த இரண்டு வருஷத்துல ஃபெடரல் ரிசர்வ் வட்டியைப் பூஜ்யத்துக்குப் பக்கத்துலேர்ந்து 5 சதவீதத்துக்கு மேல ஏத்தியிருந்தது. வில்லன் யாருன்னு இப்பவாவது புரியுதா? வில்லன் பேங்க்ல கோட்டு சூட்டு போட்டு உக்காந்திருக்கான். நாம என்னடான்னா பங்க்ல நின்னு பம்ப்பை முறைச்சுக்கிட்டு இருக்கோம்.

அடுத்த கொடுமை ஒண்ணு இருக்கு. இதைச் சொன்னாத்தான் நம்மாளுங்களுக்குக் கோவம் வரும்.

டிரெய்லர் இழுக்கத்தானே அவ்வளவு பெரிய டிரக்? வருஷத்துக்கு அதுல பெட்டி இழுக்கிறது 3,000 மைல் இருந்தாலே அதிகம். 300 கேலன். கேலனுக்கு 2 டாலர் ஏறினா கூடுதல் செலவு 600. அதே டிரக்குல பொட்டி தட்டப் போறது, கடைக்குப் போறது, பொண்ணை டான்ஸ் கிளாஸ்ல விடுறதுன்னு வருஷம் 15,000 மைல் ஓட்டுறாங்க. ஊருக்குள்ள 16 மைல் கொடுத்தா 937 கேலன். கூடுதல் செலவு 1,875 டாலர்! பெட்டி இழுக்க ஏறின செலவை விட மூணு மடங்கு, காலியா ஓட்டுறதுக்கு. ஒரு பழைய கரோலால போனா அந்தச் செலவு பாதி. ஆனா டிரக்கை விட்டு இறங்கினா கவுரவம் குறைஞ்சுரும். அதனால கவுரவத்தைக் காப்பாத்திக்கிட்டு கேம்ப்பிங்கைக் கேன்சல் பண்ணுவாங்க. நான் கரோலாலதான் ஆபீஸ் போறேன். டிரக் வெள்ளிக்கிழமை சாயந்திரம்தான் வெளிய வரும். இதுக்காக என்னை ஆபீஸ்ல "கஞ்சப் பிசினாரி"ன்னு கூப்பிடுறாங்க, கூப்பிட்டுட்டுப் போகட்டும்.

வேகத்தைப் பத்தியும் சொல்லணும். ஐ-75ல பெட்டியை மாட்டிக்கிட்டு 75 மைல்ல என்னைத் தாண்டிப் போற பிரகஸ்பதிங்களைப் பாக்கும்போது சிரிப்பும் வருது, பயமும் வருது. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கமா ஏறும், பத்தாங்கிளாஸ் பிசிக்ஸ். 62ல போறதுக்கும் 75ல போறதுக்கும் காத்து தள்ளுற விசை கிட்டத்தட்ட ஒண்ணரை மடங்கு. டிரெய்லர்ங்கிறது ஒரு சுவரை நிமித்தி வச்சு இழுக்கிற மாதிரி. நான் குறிச்சு வச்ச கணக்குல 63ல போனா 10.8 மைல், 72ல போனா 8.7. ஸ்மோக்கி போகவர 18 கேலன் வித்தியாசம், 5 டாலர் விலைல 90 டாலர். இதுல மிச்சமாகிற நேரம் போறப்ப முக்கால் மணி, வர்றப்ப முக்கால் மணி. அவ்வளவுதான். ஏறின விலைல பாதிக்கு மேல வலது கால் பெருவிரல்லயே இருக்கு. இத்தனைக்கும் டிரெய்லருக்குன்னு விக்கிற டயர்ல நிறைய 65 மைலுக்கு மேல போகாதேன்னுதான் சொல்லுது. கலிஃபோர்னியால இழுத்துட்டுப் போற வண்டிக்குச் சட்டமே 55தான். கெண்டக்கி தாண்டி ஜெல்லிக்கோ மலை ஏறும்போது பாக்கணும், வேகமா போன ஆளுங்க ஓரமா பானெட்டைத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பாங்க. (நிறுத்தி உதவி வேணுமான்னு கேப்பேன், அந்த அளவுக்குக் கெட்டவன் இல்ல.)

அரசியல்வாதிங்களை விட்டா பாவம். 2022 ஜூன்ல பைடன் மூணு மாசத்துக்கு கேஸ் வரியை நிறுத்தி வைக்கச் சொல்லி காங்கிரஸைக் கேட்டார். அவங்க கண்டுக்கலை. பண்ணியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஃபெடரல் வரி கேலனுக்கு 18.4 சென்ட். 1993லேர்ந்து அதே 18.4தான். முழுசா குறைச்சிருந்தா ஸ்மோக்கி டிரிப்புக்கு 15 டாலர் கூட மிச்சமாகாது. அதிபர் பொம்மையை ஸ்டிக்கரா அடிச்சு பம்ப்புல ஒட்டிட்டுப் போன ஆளுங்களுக்கு இந்தக் கணக்கை எப்படிச் சொல்லிப் புரியவைக்க? உக்ரைன்ல ரஷ்யா நுழைஞ்சதுக்கும் ஒஹாயோல தெரு முனை பங்க்குக்கும் சம்பந்தம் உண்டு, வெள்ளை மாளிகைல விலையைத் திருகுற குழாய் எதுவும் கிடையாது. இன்னொண்ணு, அந்த 5.02 டாலரை லிட்டருக்கு மாத்தி, அப்ப இருந்த ரேட்ல ரூபாயாக்கினா 103 வரும். அதே மாசம் சென்னைல பெட்ரோல் கிட்டத்தட்ட அதே விலை. சென்னைக்காரர் சம்பளம் என்ன, இவங்க சம்பளம் என்னன்னு நான் சொல்லத் தேவையில்ல.

இவ்வளவு திட்டியாச்சு. ஆனா கேஸ் விலையால நிஜமாவே அடி வாங்குற டிரெய்லர்காரங்க இருக்காங்க. அவங்களைப் பத்தி யாரும் பேசுறதில்லங்கிறதுதான் என் உண்மையான எரிச்சல்.

வாடகை கட்ட முடியாம டிரெய்லரையே வீடாக்கிக்கிட்டவங்க. "நோமேட்லேண்ட்" படம் பாத்திருப்பீங்க. அறுபது, எழுபது வயசுல கேம்ப்கிரவுண்டுல கக்கூஸ் கழுவி, அதுக்குக் கூலியா வண்டி நிறுத்த ஓசில இடம் வாங்கிக்கிறவங்க. அக்டோபர் வந்தா நார்த் டகோட்டா, மின்னசோட்டா பக்கம் சர்க்கரை பீட் அறுவடைக்குப் போவாங்க. அது முடிஞ்சா குளிருக்குப் பயந்து அரிசோனா குவார்ட்ஸைட் பாலைவனம். அங்க அரசாங்க நிலத்துல செப்டம்பர் நடுவுலேர்ந்து ஏப்ரல் நடு வரைக்கும் ஏழு மாசம் தங்க 180 டாலர் பெர்மிட் போதும். ஆனா பீட் வயல்லேர்ந்து அந்தப் பாலைவனத்துக்குச் சுமார் 1,800 மைல். 180 கேலன். கேலனுக்கு 2 டாலர் ஏறினா கூடுதலா 360 டாலர். ஏழு மாச வாடகையைப் போல இரண்டு மடங்கு, ஒரு வழிப் பயணத்துல! அவங்களுக்கு அது டிரிப் கிடையாது, பிழைப்பு. கேன்சல் பண்ணினா மைனஸ் 20 டிகிரில அந்தத் தகர டப்பாக்குள்ள உக்காந்திருக்கணும். 62ல போ, பக்கத்துல போன்னு நான் இவ்வளவு நேரம் சொன்ன அட்வைஸ் எதுவும் அங்க செல்லாது. மெதுவா போறது எப்படின்னு அவங்ககிட்டதான் நாம கத்துக்கணும், ஏற்கனவே 55லதான் போறாங்க.

டிவில கேஸ் விலை செய்தி வரும்போது மைக் நீட்டுறது யார்கிட்ட? 70,000 டாலர் டிரக்குல சாஞ்சு நின்னு "எங்க வாழ்க்கையே போச்சு"ன்னு சொல்ற ஆள்கிட்ட. அவர் வாழ்க்கை எங்கயும் போகலை, ஸ்டோரேஜ் யார்டுல 14ஆம் நம்பர் ஸ்லாட்ல பத்திரமா இருக்கு.

என் நண்பர் ஒருத்தர் 2021ல உச்ச விலைக்கு டிரெய்லர் வாங்கி, 2022 கோடை முழுக்க அதை நிறுத்தி வச்சு, 2023ல நஷ்டத்துக்கு வித்தார். மொத்தம் 9 ராத்திரி தூங்கியிருக்கார். இப்பவும் யார் கேட்டாலும் "கேஸ் விலைதான் பாஸ் காரணம்"ங்கிறார். அவர் பையனுக்கு அப்ப 11 வயசு. இப்ப ரூம் கதவையே திறக்கிறதில்லையாம், கேம்ப்பிங்குக்கு எங்க வரப்போறான்?

நாங்க அடுத்த மாசம் எரி ஏரிக்கரை, ஈஸ்ட் ஹார்பர், நாலு ராத்திரி. போகவர 250 மைல், 25 கேலன். விலை என்னவா இருந்தாலும் இருக்கட்டும், சைட் புக் பண்ணியாச்சு. தங்கமணி புளியோதரைப் பொடி வறுக்க ஆரம்பிச்சாச்சு.