கையொப்பம் இடுவோர் யார்?

பழைய இசையை நேசிப்பதாகச் சொல்வோர் உலகெங்கும் உள்ளனர். அந்த இசையைக் கிடங்கின் இருட்டிலிருந்து தேடியெடுத்து, செம்மைப்படுத்தி, மீண்டும் நம் கையில் சேர்ப்பவருக்கு உரிய விலையைக் கொடுப்போர் மிகச் சிலரே. 2017 இல் அமெரிக்காவின் ஸ்டாம்போர்ட் நகரிலிருந்து இயங்கும் ‘மொசைக் ரெக்கோர்ட்ஸ்’ என்னும் சிறு நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு எழுதிய மடல் இந்த உண்மையை ஒளிக்காமல் சொல்லிற்று. வருமானம் சுருங்கிவிட்டது, இப்படியே போனால் நிலைப்பது கடினம் என்பதே அதன் சாரம். ஜாஸ் இசைத்தட்டுச் சேகரிப்பாளரிடையே அந்த மடல் பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. அதன் பின்னரும் அந்நிறுவனம் புதிய தொகுதிகளை வெளியிட்டு வந்திருக்கிறது. ஆனால் மடல் எழுப்பிய கேள்வி இன்னும் தீரவில்லை.

மொசைக்கை 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் கஸ்கூனா, சார்லி லூரி என்னும் இருவர் தொடங்கினர். அதற்கு முன்பே, 1970களில், புளூ நோட் நிறுவனத்தின் கிடங்கில் கஸ்கூனா ஒலிநாடாக்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறிப்பெடுக்கத் தொடங்கியிருந்தார். ஒருபோதும் வெளிவராத ஒலிப்பதிவுகள் பல அங்கே முடங்கிக் கிடந்தன. 1983 இல் தெலோனியஸ் மங்க் புளூ நோட்டுக்காக வாசித்தவை முழுவதும் மொசைக்கின் முதல் தொகுதியாக வந்தது. அன்று முதல் அவர்களது முறை ஒன்றுதான். பெரிய நிறுவனங்களிடம் குறிப்பிட்ட காலத்துக்கும் குறிப்பிட்ட பிரதிகளுக்கும் உரிமம் பெறுவார்கள். கிடைக்கும் மூலங்களில் சிறந்ததைத் தேடி ஒலியைச் செப்பனிடுவார்கள். யார் வாசித்தார், எந்த நாளில், எந்த நகரில் என்ற விவரங்களோடு ஒரு கையேட்டை இணைப்பார்கள். பெட்டிகளுக்கு இலக்கமிட்டுத் தபால்வழி விற்பார்கள். பிரதிகள் தீர்ந்தால் அத்தோடு சரி.

இவ்வளவு நேர்த்தியாக இயங்கும் நிறுவனம் ஏன் தள்ளாட வேண்டும்? இணையத்தில் பாட்டுக் கேட்கும் பழக்கம் இறுவட்டின் சந்தையைக் குலைத்தது என்பது எல்லோரும் சொல்லும் காரணம். வேறு இரண்டு காரணங்களும் உள்ளன. ஐரோப்பாவில் 1962 வரை வெளியான ஒலிப்பதிவுகளின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. ஆகவே எவரும் அவற்றை மலிவாக வெளியிடலாம். மூலநாடாவைத் தேடி அலையவோ, உரிமக் கட்டணம் செலுத்தவோ தேவையில்லை. பிறர் பாடுபட்டுச் செப்பனிட்ட வெளியீட்டையே பிரதி எடுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். இது ஒரு காரணம்.

மற்றையது நம்மைப் போன்ற சேகரிப்பாளர்களைச் சேர்ந்தது. தீர்ந்துபோன மொசைக் பெட்டி கைமாறும்போது அதன் விலை பல மடங்கு ஏறுகிறது. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து அதை வாங்குபவர் தம்மை இசையின் புரவலராகவே எண்ணிக்கொள்கிறார். அந்தப் பணத்தில் ஒரு சதமேனும் தேடியெடுத்தவருக்கோ வாசித்தவரின் குடும்பத்துக்கோ போய்ச் சேர்வதில்லை. பெட்டி புதிதாக வந்தபோது ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுங்கி நின்றவரே, தீர்ந்த பின் மூன்று மடங்கு கொடுக்க முந்துகிறார். இது பற்று என்றால், பண்டத்தின் மீதான பற்று மட்டுமே. இசையை நிலைக்கச் செய்ய விரும்புபவர், பொருள் புதிதாக வரும்போது வெளியிட்டவரிடமே நேராக வாங்க வேண்டும் என்பது என் துணிபு.

‘இரத்தினபுரியில் இருக்கும் தமிழனுக்கு இதில் என்ன?’ என்று வாசகர் கேட்கலாம். ஜாஸ் நமக்கு அவ்வளவு தொலைவில் இருந்ததில்லை. டேவ் புரூபெக் 1958 இலும், டியூக் எலிங்டன் 1963 இலும் அமெரிக்க அரசின் ஏற்பாட்டில் இத்தீவுக்கு வந்து வாசித்தனர். ‘அமெரிக்காவின் குரல்’ வானொலியில் வில்லிஸ் கொனோவர் 1955 முதல் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் நடத்திய ஜாஸ் நிகழ்ச்சி சிற்றலையில் எங்கள் மலைகளுக்கும் எட்டியது. வெளிநாட்டார்க்கும் விளங்கவேண்டும் என்று அவர் ஆங்கிலத்தை நிறுத்தி நிதானமாகப் பேசுவார். என் தலைமுறையில் சிலர் ஆங்கிலத்தையும் ஜாஸையும் அந்த ஒரே குரலிலிருந்து கற்றோம். தோட்டங்களில் கூலிகளாய் வைக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு, பருத்திக் காடுகளில் அடிமைகளாய் வைக்கப்பட்டோரின் வழிவந்தவர்களது இசை அந்நியமாகத் தோன்றவில்லை.

இன்னொரு வினாவும் உண்டு. அது இதைவிடக் கூரியது. மொசைக் பெட்டியொன்றின் விலை பெரும்பாலும் நூறு டொலரைத் தாண்டும். தபாற்செலவும் தீர்வையும் வேறு. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கே எங்கள் மக்கள் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 2021 இல்தான் அது சட்டப்படி அமைந்தது. மறு ஆண்டே ரூபாவின் பெறுமதி சரிந்து அதையும் தின்றது. தொழிலாளி ஒருவரின் ஒரு மாதக் கூலியை ஒத்த தொகையை ஓர் இசைப்பெட்டிக்குக் கொடுப்பது அடுக்குமா? எங்கள் வட்டத்து இளைஞர் ஒருவர் என்னிடம் நேராகவே கேட்டார்: “என்னங்க அண்ணே, யூடியூப்ல சும்மா கெடைக்கிறதுக்கு இவ்வளவு காசா?”

சும்மா கிடைப்பது எதுவும் சும்மா வந்ததன்று என்பதே நான் அவருக்குச் சொன்ன மறுமொழி. யாரோ ஒருவர் கிடங்குக்குப் போனார். யாரோ ஒருவர் பிசுபிசுத்த நாடாவைப் பதப்படுத்தினார். அவருக்கு நாளை வேலை இல்லையெனில், யூடியூப்பில் ஏற்றுவதற்கும் புதிதாக ஒன்றும் இராது. வசதி குறைந்த நாங்கள் இதற்கு ஒரு வழி கண்டோம். நால்வர் சேர்ந்து மாதச் சீட்டுப் போல் பணம் கட்டி, ஆண்டுக்கு ஒரு பெட்டி வாங்கினோம். பெட்டி நான்கு வீடுகளிலும் மாறி மாறித் தங்கும். மூன்று மாதம் ஒருவர் வீட்டிலிருந்தால் அவர் அதை உண்மையிலேயே கேட்டு முடிப்பார். அலமாரியில் அடுக்கிவைத்துக் கேளாதிருப்பதிலும் இது மேலன்றோ!

இது தமிழர்க்குப் புதிய வழியுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நம் பழந்தமிழ் நூல்கள் செல்லரித்த ஏடுகளில் உதிர்ந்துகொண்டிருந்தன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881 இலும் கலித்தொகையை 1887 இலும் அச்சேற்றினார். பிரதிகளை ஒப்புநோக்கி, வழுக்களைந்து, முன்னுரை எழுதி அவர் செய்ததுதான் மீள்வெளியீடு. அதே 1887 இல் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அச்சுச் செலவுக்காக முன்கூட்டியே ‘கையொப்பம்’ திரட்டினார். புத்தகம் வரும் முன்பே வாங்குவதாக ஒப்பிப் பெயர் எழுதினவர்கள் இருந்தமையாலேயே அது வெளிவந்தது. பதிப்பாசிரியரை நாம் போற்றுகிறோம். கையொப்பமிட்டவர்களை மறந்துவிட்டோம். தமிழ் அவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறது.

ஏடு உதிர்ந்தது போலவே நாடாவும் உதிரும். 2008 ஜூன் 1 ஆம் திகதி ஹொலிவுட்டின் யுனிவர்சல் வளாகத்தில் மூண்ட தீயில் ஏராளமான மூல ஒலிநாடாக்கள் அழிந்தன என்பதை 2019 இல்தான் நியூயோர்க் டைம்ஸ் விரிவாக வெளிப்படுத்தியது. எவ்வளவு அழிந்தது என்பதில் நிறுவனம் வேறு கணக்குச் சொன்னது. ஆனால் உலகின் மிகச் செல்வமிக்க இசை நிறுவனத்தின் கிடங்குகூடக் காவலற்றது என்பது தெளிவாயிற்று. மறுபுறம், 1930களில் பில் சேவரி என்னும் ஒலிப்பொறியாளர் வானொலியில் ஒலித்தவற்றைத் தட்டுகளில் பதித்துத் தம் உடைமையாக வைத்திருந்தார். அவர் இறந்த பின் 2010 இல் அவை ஹார்லெமிலுள்ள ஜாஸ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தன. அவற்றிலிருந்து தெரிந்தவற்றை 2018 இல் மொசைக் பெட்டியாக்கித் தந்தது. ஒருவர் பதித்தார், மகன் காத்தார், ஒரு நிறுவனம் பெற்றுக்கொண்டது, இன்னொன்று வெளியிட்டது, வாங்குவோர் வாங்கினர். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருந்தாலும் நமக்கு ஒன்றும் கிட்டியிராது.

நம் பக்கத்தில் எத்தனை கண்ணிகள் அறுந்துள்ளன! தோட்டத் தொழிலாளரிடையே தொழிற்சங்கம் வளர்த்த கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள் கூட்டங்களில் பாடி மக்களைத் திரட்டினார். அவர் பாடல்கள் சிறு நூல்களாய் அச்சில் எஞ்சின. அவர் குரலைப் பதிவில் கேட்டதாகச் சொன்ன எவரையும் நான் சந்தித்ததில்லை. காமன் கூத்தின் தப்பொலியும் பொன்னர் சங்கர் கதைப்பாட்டும் கலைஞர் மறையும்போது கூடவே மறைகின்றன. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் தீவெங்கும் பாடவைத்த பொப்பிசைக்கு, நாள், வாத்தியக்காரர் விவரங்களோடு கூடிய முழுத்தொகுதி என் கைக்கு இன்றுவரை எட்டவில்லை. சப்ரகமுவத் தோட்டங்களில் 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் உடுத்த துணியோடு வெளியேறியவர்கள் பலர். லயத்து அறையில் விட்டுவந்த வானொலிப் பெட்டியையும் ஒலிநாடாவையும் எவர் திருப்பித் தருவார்? வீட்டில் எதையும் காத்துவைக்க முடியாதபடி விரட்டப்பட்ட மக்களுக்குப் பொதுவான ஒரு காப்பிடம் மற்றவர்களைக் காட்டிலும் அதிகம் தேவை.

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 2005 முதல் நூலகம் நிறுவனத்தார் ஈழத்து, மலையக எழுத்துகளை எண்ணிமமாக்கி வருகின்றனர். ஒலிப்பதிவுகளும் அங்கே சேர்கின்றன. சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. சட்டமும் பெருந்தடையன்று. ஒலிப்பதிவின் உரிமை இலங்கையில் ஐம்பதாண்டும் இந்தியாவில் அறுபதாண்டும் நிலைப்பது. பாடலை இயற்றியவரின் உரிமை வேறு. அதை மதித்துக் கேட்டுப் பெறலாம். குறைவாக இருப்பவை உழைப்புக்கான கூலியும், அக்கூலியை முன்னரே ஒப்புக்கொள்ளும் கைகளுமே.

ஆதலால் உலகெங்குமுள்ள தமிழ் வாசகர்களிடம் என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் நேசிக்கும் இசை எதுவாயினும், அதை மீட்டுத் தருபவர் யாரென்று தேடி அறியுங்கள். வெளிவரும்போதே அவரிடம் முழு விலைக்கு வாங்குங்கள். தனியே இயலாவிடின் நால்வராய்ச் சேருங்கள். விற்பனைக்கன்றி இலவசமாய்ப் பொதுப்பணி செய்யும் நிறுவனமெனில் மாதம் ஒரு சிறு தொகையை நிரந்தரமாக அனுப்புங்கள். ஒருமுறை அனுப்பும் பெருந்தொகையை விட அதுவே அவர்களைத் திட்டமிடச் செய்யும். வீட்டுப் பரணில் பழைய ஒலிநாடா இருந்தால், அதில் பாடுபவர் பெயரையும் ஊரையும் முதியவர்களிடம் இன்றே கேட்டு எழுதிவையுங்கள். பெயர் அறியாத குரலைச் செப்பனிட்டுத் தரலாம், யாருடையது என்று சொல்லித்தர எந்த நிறுவனத்தாலும் இயலாது.

கஸ்கூனா 2024 ஏப்ரலில் காலமானார். அவர் தேடியெடுத்த இசை இருக்கிறது. அடுத்த கிடங்குக்குள் நுழையப்போகிறவருக்கு வழிச்செலவு வேண்டும். நம் மலைகளில் அப்படி ஒருவர் புறப்படும் நாளில், அவர் நீட்டும் ஏட்டில் நம் பெயர்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும்.