மூணு தடவை ஆட்டக்காரன்

என்எஃப்எல்-ல 'பிராக்டிஸ் ஸ்குவாட்'னா ஏதோ எடுபிடி வேலைன்னு நினைக்கிற மக்களே, கொஞ்சம் நில்லுங்க.

ஒவ்வொரு டீமுக்கும் மெயின் லிஸ்ட்ல 53 பேர். அது போக ஸ்குவாட்ல 16 பேர். 2025 சீசன்ல ஸ்குவாட்ல இருந்த புதுப்பையனுக்கு வாரம் 13,000 டாலர். 'அவ்ளோவா'ன்னு வாயப் பொளக்காதீங்க! மெயின் லிஸ்ட்ல இருந்த புதுப்பையனுக்குக் குறைஞ்சபட்சமே 8,40,000. 18 வாரத்துக்குப் பிரிச்சா 46,000க்கு மேல. பிராக்டிஸ்ல வாங்குற இடி மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான் :-)

சரி, காசை விடுங்க. என்னைக் கடுப்பேத்துறது அந்த மூணு தடவை விதி. மேட்சுக்கு ரெண்டு பேரை ஸ்குவாட்லேர்ந்து மேல ஏத்தலாம். அந்த வாரம் மட்டும் மெயின் சம்பளம், ஆடி முடிச்சதும் தானா கீழ. ஒருத்தனை சீசனுக்கு மூணு தடவைதான் இப்படி ஏத்த முடியும்; நாலாவது தடவைன்னா 53க்குள்ள சேர்த்தே ஆகணும். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா நாலாவது தடவை கூப்பிட்டே ஆகணும்னு எவன் சொன்னான்? 'போயிட்டு வா ராசா'ன்னு அனுப்பிட்டு அடுத்தவனை ஏத்திக்கலாம்!

வேற டீமுக்குப் போலாமேம்பீங்க. போலாம், அவங்க தங்களோட 53ல சேர்த்தா. அங்க மூணு வாரச் சம்பளம் உறுதி. அடுத்த வீட்டுக்குப் போறவனுக்கு அதை எழுதத் தெரிஞ்சவங்களுக்கு, சொந்த டீமுக்கு மூணு மேட்ச் ஆடினவனுக்கு ஒரு வாரம் எழுதக் கை வரலையா?