விலை குறையுமாம்!

அகப்பாடல்களைப் பயில்வோர் அம்பல், அலர் என்னும் இரு சொற்களையும் வேறுபடுத்தி அறிவர். ஊரார் சிலர் தம்முள் முணுமுணுப்பது அம்பல். அதுவே பலர் வாயிலும் மலர்ந்து பரவிடின் அலர். இவற்றை வகுப்பில் விளக்கிய ஒருநாள், இக்கால வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தருமாறு மாணவர்களை வினவினேன். பின்வரிசையில் இருந்த மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, அடுத்து வரப்போகும் ஃபோனின் விலை குறையுமாம் என்று எல்லோரும் பேசிக்கொள்கிறார்களே, அது அலர்தானே?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அம்மாணவரின் கைப்பேசி உடைந்து நான்கு திங்கள் கழிந்திருந்தன என்பதைப் பின்னரே அறிந்தேன். வளைகுடா நாட்டில் பணிபுரியும் அவருடைய அண்ணன் புதியது வாங்கப் பணம் அனுப்பியிருந்தார். 'பொறுத்திரு, விலை குறையப்போகிறது' என்ற நண்பர்களின் பேச்சை நம்பி, சிம் அட்டையை வீட்டிலிருந்த பழைய பொத்தான் ஃபோனில் இட்டுக் காத்திருந்தார். தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாள் பற்றிய அறிவிப்பு வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வந்துபோனது. அவர் அறியவில்லை, தண்டத்தொகையுடன் கட்ட நேர்ந்தது. ஊர்ப்பேச்சுக்கு விலை இல்லை என்று எண்ணுகிறோம். விலை உண்டு. அதனைக் கொடுப்பவர் பெரும்பாலும் காத்திருப்பவரே.

விலைக்குறைப்புப் பேச்சுகள் யாவும் பொய் என்று கூறுவதற்கில்லை. அவற்றுட் சில மெய்யாவதும் உண்டு. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. சாம்சங் நிறுவனத்தின் காலக்ஸி எஸ்20 என்னும் திறன்பேசி 2020ஆம் ஆண்டு அமெரிக்காவில் 999 டாலருக்கு வந்தது. அடுத்த எஸ்21 விலை குறைந்து வரும் என்ற பேச்சு முன்னரே எழுந்தது. 2021 சனவரியில் அவ்வாறே 799 டாலர் என அறிவித்தனர். 200 டாலர் குறைவு, அலர் மெய்யாயிற்று! ஆனால் பெட்டியைத் திறந்தால் மின்னேற்றியும் இல்லை, காதில் பொருத்தும் கருவியும் இல்லை. நினைவக அட்டை செருகும் இடம் நீக்கப்பட்டது. பின்புறக் கண்ணாடி நெகிழியாயிற்று. திரையின் நுண்மையும் ஒருபடி இறங்கிற்று. விலை மட்டுமா குறைந்தது?

நம் நாட்டு நிலையோ இதனினும் வியப்பானது. இந்தியாவில் எஸ்20 அறிமுகமானபோது விலை ரூ. 66,999. எஸ்21 வந்தபோது ரூ. 69,999. அமெரிக்காவில் 200 டாலர் குறைந்த பொருள், இங்கே மூவாயிரம் ரூபாய் ஏறி வந்து நின்றது! இடையில், 2020 ஏப்ரல் முதல் நாளன்று, கைப்பேசிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அவ்வரியும் ஒரு காரணமே. ஆயினும், டாலரில் எழுந்த பேச்சைத் தமிழில் பெயர்த்துக்கொண்டு இங்கே காத்திருந்தவருக்குக் கிடைத்தது என்ன? அமெரிக்கர் அறிவிக்கும் விலையில் விற்பனை வரி சேராது. நம் பெட்டியின் மேல் அச்சிட்ட விலையில் வரியும் அடக்கம். டாலரை ரூபாயால் பெருக்கினால் வருவது நம் கடைவீதி விலையன்று. இதனை நம் மாணவர்களுள் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கின்றனர்?

இதற்கு முன்னும் ஒன்று நிகழ்ந்தது. ஆப்பிள் நிறுவனம் மலிவு விலை ஐஃபோன் ஒன்றைக் கொண்டுவரப்போகிறது என்று 2013இல் உலகமே பேசிற்று. செப்டம்பரில் ஐஃபோன் 5சி வந்தது. இந்தியாவில் அதன் தொடக்க விலை ரூ. 41,900! மலிவு என்ற சொல்லை நிறுவனம் கூறவில்லை, நாமே கூறிக்கொண்டோம்.

விற்போருக்கும் இப்பேச்சால் இழப்பு உண்டு. இதற்குச் சான்றாக வணிகவியலார் காட்டும் ஒருவர் நம் மண்ணோடு தொடர்புடையவர் என்பது பலர் அறியாதது. ஆடம் ஆஸ்பர்ன் என்னும் அவர் 1939இல் பாங்காக்கில் பிறந்தார். இளமையின் ஒரு பகுதியைத் திருவண்ணாமலையில் கழித்தார். 2003இல் கொடைக்கானலில் மறைந்தார். கையில் தூக்கிச் செல்லத்தக்க கணினியை 1981இல் அமெரிக்காவில் 1,795 டாலருக்கு விற்றவர் அவர். (எடை ஏறத்தாழ 11 கிலோ, 'தூக்கிச் செல்லத்தக்க' என்பதை அக்காலப் பொருளில் கொள்க.) இதனினும் மேம்பட்ட கணினி அடுத்து வருகிறது என்ற செய்தி 1983இல் பரவவே, கடைக்காரர்கள் பழையதை வாங்குவதை நிறுத்தினர் என்பர். அவ்வாண்டு செப்டம்பரில் நிறுவனம் நொடிப்பு நிலையை அறிவித்தது. போட்டியும் மேலாண்மைக் குறையும் மெய்யான காரணங்கள் என்று பின்னர் மறுத்தோரும் உளர். எனினும் 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பெருநிறுவனம் இவ்விழப்பைத் தாங்கும். நம் கடைவீதியில் பத்துக்குப் பன்னிரண்டடிக் கடையில், கடன் வாங்கிச் சரக்கு இறக்கியிருக்கும் சிறுவணிகர் எங்ஙனம் தாங்குவார்? எனக்குப் பழக்கமான கடைக்காரர் ஒருவர், "புது ஃபோன் பேச்சு வந்துவிட்டால் என் கடைக்கு வருவோர் விலை கேட்கத்தான் வருகிறார்கள், வாங்க வருவதில்லை" என்று வருந்தினார். வணிகத்தில் பழுத்த நம் பெரியோர்க்கு இதன் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

விற்போர் இப்பேச்சைத் தமக்கு வாய்ப்பாக்கிக்கொள்வதும் உண்டு. 2010 சனவரியில் ஐபேட் கருவியை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜாப்ஸ், அதன் விலை 999 டாலர் என்று வெளியே பேசப்பட்டதைத் திரையிலே பெரிதாகக் காட்டினார். பின்னர் அத்தொகை உடைந்து 499 என்று தோன்றிற்று, அரங்கம் ஆர்ப்பரித்தது. ஊரார் கூறிய தொகை இல்லையேல் 499 டாலர் மலிவாகத் தோன்றியிருக்குமா? ஐயமே.

அகத்திணையில் அலர் மணத்தை விரைவுபடுத்தும். தோழி அதனைக் கூறியே தலைவனை வரைவுக்கு உந்துவாள். சந்தையில் எழும் அலரோ கொள்வோனைத் தாழ்த்துகிறது. கருவி இன்று தேவையாயின் இன்றைய விலையில், கையிலுள்ள பணத்திற்கு இயைந்ததை வாங்குவதே தக்கது என்பது என் கருத்து. தேவை இல்லையேல் விலை பாதியானாலும் அது செலவுதான்.

அம்மாணவர் இறுதியில் முந்தைய ஆண்டு வெளிவந்த கைப்பேசி ஒன்றை, நான் மேலே குறித்த கடையிலேயே வாங்கினார். அண்ணன் அனுப்பியதில் எஞ்சிய தொகையைத் தங்கையின் பள்ளிக் கட்டணத்திற்குக் கொடுத்தாராம். இரண்டு வாரம் கழித்து என்னிடம் வந்து, "ஐயா, நான் வாங்கியதற்கும் விலை குறையப்போகிறதாம்" என்றார். யார் சொன்னது என்று கேட்டேன். பின்வரிசையைக் காட்டினார்.