'இன்னும் எத்தனை வருஷம் படிப்பே?' - சுற்றுச்சூழல் பொறியியலில் பிஎச்.டி... சேரும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை! | படிப்பும் பாதையும்

எம்.இ முடித்த பிள்ளை, "பிஎச்.டி சேரப்போறேன்" என்று சொன்னதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "இன்னும் எத்தனை வருஷம்?" என்பதுதான். பெண் பிள்ளை என்றால் கூடவே கல்யாணப் பேச்சும் வந்துவிடும். ஐ.டி வேலையில் இருக்கும் பக்கத்து வீட்டுப் பையனின் சம்பளமும் கணக்கில் சேரும். இந்தக் கேள்விகளைக் குறை சொல்ல முடியாது. இருபதுகளின் பாதியைக் கொடுத்து வாங்கும் பட்டம் இது. எது கிடைக்கும், எது கிடைக்காது என்று தெரிந்துகொண்டு இறங்குவது பிள்ளைக்கும் நல்லது, பெற்றோருக்கும் நல்லது.

எம்.இ-க்கும் பிஎச்.டி-க்கும் என்ன வித்தியாசம்?

குடிநீர், கழிவுநீர், குப்பை, காற்று, மண் ஆகியவற்றில் சேரும் மாசை அளந்து, காரணத்தைக் கண்டுபிடித்து, சரிசெய்யும் வழியை வடிவமைப்பதே சுற்றுச்சூழல் பொறியியல். சிவில், கெமிக்கல் இன்ஜினீயரிங் படித்தவர்கள்தான் இதில் அதிகம். பயோடெக்னாலஜி, வேதியியல் படித்தவர்களையும் சில கல்வி நிறுவனங்கள் சேர்த்துக்கொள்கின்றன.

ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை எப்படி வடிவமைப்பது, எப்படி இயக்குவது என்பதை எம்.இ-யில் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பிஎச்.டி-யில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. இன்னும் யாருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கான பதிலை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும்.

அப்படிப்பட்ட கேள்விகள் தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு கிடக்கின்றன. திருப்பூரையே எடுத்துக்கொள்ளலாம். நொய்யலில் கலந்த சாயக்கழிவால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பின், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாத முறைக்கு ஆலைகள் மாறவேண்டிய கட்டாயம். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரித்து, ஆர்.ஓ-வில் வடிகட்டி, மிஞ்சும் உப்பு நீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குகிறார்கள். தண்ணீரும் உப்பின் பெரும்பகுதியும் திரும்பக் கிடைக்கின்றன. ஆனால், ஆவியாக்க ஆகும் எரிபொருள் செலவை எப்படிக் குறைப்பது? கடைசியில் மிஞ்சும், பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பை என்ன செய்வது? இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பல பிஎச்.டி-கள் செய்யலாம்.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலை வளாகத்தில் பல்லாண்டுகளாகக் கிடந்த குரோமியம் கழிவு, சென்னை பெருங்குடி, கொடுங்கையூரில் மலையாகக் குவிந்த குப்பை, தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் இருக்கும் ஃபுளோரைடு... பட்டியல் நீளும்.

ஆய்வகத்தில் ஜெயித்தால் போதுமா?

குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும்; வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை அனுமதிக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம். அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் பல்லில் கறை விழும். ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும்.

இதற்கு 1970-களில் ஒரு வழி கண்டது, நாக்பூரில் இருக்கும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான 'நீரி'. படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துத் தண்ணீரைக் கலக்கினால் ஃபுளோரைடு அடியில் படிந்துவிடும். 'நல்கொண்டா முறை' என்று பெயர். செலவு குறைவு, கிராமத்திலேயே செய்யலாம். ஆனால் தினமும் சரியான அளவு பார்த்துப் போட ஆள் வேண்டும். அடியில் படியும் சகதியைக் கொட்ட இடம் வேண்டும். அளவு தப்பினால் தண்ணீரில் அலுமினியம் தங்கிவிடும். ஆய்வகத்தில் ஜெயித்த ஒரு முறை, ஊர்ப் பொதுத்தொட்டியில் ஏன் திணறுகிறது என்று கேட்பதும் இந்தத் துறையின் ஆராய்ச்சிதான். பீக்கருக்குள் மட்டுமே வேலை செய்து, கட்டுரை வெளியானதும் மறந்துபோகும் ஆய்வுகளுக்குப் பஞ்சமில்லை. ஊரில் வேலை செய்யும் ஆய்வுக்குத்தான் பஞ்சம்.

ஓர் ஊரைக் காப்பாற்றிய பாட்டில்கள்

இந்தப் படிப்பால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தைக் காட்டலாம். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் அந்த ஊரின் குடிநீர் ஆதாரம் ஃபிளின்ட் ஆற்றுக்கு மாற்றப்பட்டது. குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களில் இருந்த காரீயம் தண்ணீரில் கரைந்தது. தண்ணீர் சரியில்லை என்று மக்கள் சொல்லச் சொல்ல, பாதுகாப்பானது என்றே அதிகாரிகள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன ஒரு தாய், வர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் பொறியியல் பேராசிரியர் மார்க் எட்வர்ட்ஸைத் தொடர்புகொண்டார். 2015-ல் அவரும் அவருடைய மாணவர்களும் 300 மாதிரிப் பெட்டிகளை ஃபிளின்ட் மக்களுக்குக் கொடுத்தார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று பாட்டில்கள். குழாயைத் திறந்ததும் ஒன்று, 45 விநாடிகள் கழித்து ஒன்று, 2 நிமிடங்கள் கழித்து ஒன்று எனப் பிடிக்க வேண்டும். காரீயம் வீட்டுக் குழாயில் இருந்து வருகிறதா, தெருக் குழாயில் இருந்து வருகிறதா என்று இதை வைத்துக் கணிக்கலாம். 250-க்கும் மேற்பட்ட வீடுகளில் இருந்து மாதிரிகள் திரும்பி வந்தன. முடிவுகளை மறைக்காமல் மக்களிடமே சொன்னார்கள். உள்ளூர்க் குழந்தை மருத்துவர் ஒருவரும் பிள்ளைகளின் ரத்தத்தில் காரீயம் கூடியிருப்பதைக் காட்டினார். அதே ஆண்டு அக்டோபரில் ஊர் பழைய நீராதாரத்துக்குத் திரும்பியது.

அந்தக் குழுவில் பெட்டி கட்டியது, மாதிரிகளைச் சோதித்தது, மக்களிடம் பேசியது எல்லாம் பெரும்பாலும் ஆய்வு மாணவர்கள்தான்.

எங்கே, எப்படிச் சேர்வது?

சென்னையில் ஐ.ஐ.டி மெட்ராஸின் சிவில் துறை, அண்ணா பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் ஆய்வு மையம், திருச்சி என்.ஐ.டி ஆகியவை நம் மாநிலத்தில் முக்கியமானவை. தரமணியில் நீரியின் மண்டல மையமும், அடையாறில் தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ-யும் இருக்கின்றன. வெளி மாநிலம் என்றால் மும்பை ஐ.ஐ.டி-யில் இதற்கெனத் தனித்துறையே உண்டு.

ஐ.ஐ.டி போன்ற இடங்களில் பெரும்பாலும் கேட் தேர்வு மதிப்பெண் கேட்பார்கள். 2021 முதல் கேட்டில் சுற்றுச்சூழல் அறிவியல் மற்றும் பொறியியலுக்குத் தனித்தாள் இருக்கிறது. மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். அதன்பின் எழுத்துத்தேர்வு, நேர்காணல். வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாகவும் செய்யலாம். அதற்கு அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும்.

யு.ஜி.சி-யின் 2022 விதிமுறைப்படி குறைந்தபட்சம் 3 ஆண்டுகள், அதிகபட்சம் 6 ஆண்டுகள். மறுபதிவு செய்து மேலும் 2 ஆண்டுகள் வரை நீட்டிக்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் 2 ஆண்டுகள் சலுகை உண்டு. பெண்கள் மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள்கள் வரை விடுப்பு எடுக்கலாம். 'கல்யாணமா, பிஎச்.டி-யா' என்று ஒன்றை விட்டால்தான் மற்றொன்று என்ற நிலை விதியில் இல்லை. வீட்டில் பேசும்போது இதைச் சொல்லலாம். ஐ.ஐ.டி-க்களுக்குத் தனி விதிகள் இருப்பதால் அந்தந்த இணையதளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம்?

மத்திய அரசின் ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் முதலிரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000 ரூபாய். விடுதி கிடைக்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் இது ஐந்து ஆண்டுகளுக்குத்தான். ஆய்வு ஆறாம் ஆண்டுக்கு இழுத்தால் கையில் இருந்துதான் செலவழிக்க வேண்டும். பணம் சில மாதங்கள் தாமதமாக வருவதும் உண்டு. உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தால் கல்விக் கட்டணம், ரசாயனம், மாதிரிப் பரிசோதனை எல்லாமே உங்கள் தலையில் விழலாம். படித்து வாங்கிய கல்விக்கடன் பாக்கி இருந்தால், அந்தத் தவணையையும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

கைடு அமைவதெல்லாம்...

கல்லூரியின் பெயரைவிட முக்கியம், கைடு. ஐந்து ஆண்டுகள் உங்கள் கேள்வி, கருவி, கட்டுரை எல்லாம் அவர் வழியாகத்தான் நடக்கும். சேரும் முன் இவற்றை விசாரியுங்கள்.

* இவரிடம் இதுவரை எத்தனை பேர் முடித்திருக்கிறார்கள், எத்தனை வருடத்தில்? பாதியில் விட்டுப் போனவர்கள் எத்தனை பேர்?

* இப்போது எத்தனை மாணவர்கள்? யு.ஜி.சி விதிப்படி பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற மூன்றாண்டுகளுக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரைச் சேர்க்க முடியாது.

* உங்கள் ஆய்வுக்குத் தேவையான கருவி ஆய்வகத்தில் இருக்கிறதா, இயங்குகிறதா?

* ஆய்வுக்குப் பணம் கொடுப்பது யார்? மாசு செய்யும் ஆலையே பணம் கொடுத்தால், பாதகமான முடிவு வந்தாலும் வெளியிட முடியுமா?

இதையெல்லாம் பேராசிரியரிடம் நேராகக் கேட்கத் தயக்கமாக இருந்தால், அவருடைய பழைய மாணவர்கள் இருவரிடமாவது பேசிவிடுங்கள். டீக்கடையில் அரைமணி நேரம் போதும், உண்மை தெரிந்துவிடும்.

முடித்த பின் வேலை?

இங்கே ஒளிவுமறைவு வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் உதவிப் பொறியாளர் ஆக பிஎச்.டி தேவையில்லை. ஆலோசனை நிறுவனங்களிலும் எம்.இ-யே போதும். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியராகவும் எம்.இ போதும், இணைப் பேராசிரியர் ஆக பிஎச்.டி கட்டாயம். ஆராய்ச்சி நிறுவனங்கள், ஐ.ஐ.டி, என்.ஐ.டி ஆசிரியர் பணி, பெரிய நிறுவனங்களின் ஆய்வுப் பிரிவு, வெளிநாட்டில் ஆய்வுப் பணி ஆகியவற்றுக்கு இந்தப் பட்டம்தான் நுழைவுச்சீட்டு. இடங்கள் குறைவு, போட்டி அதிகம்.

தேவை மட்டும் கூடிக்கொண்டே போகிறது. சென்னையில் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் கழிவுநீரை நாளொன்றுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் வீதம் சுத்திகரித்து, ஆலைகளுக்கு விற்கும் நிலையங்கள் 2019-ல் இயங்கத் தொடங்கின. இப்படியான திட்டங்கள் பெருகப் பெருக, இயக்கத் தெரிந்தவர்களோடு, பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

ஆகவே, வேலை கிடைக்கவில்லையே என்பதற்காக மட்டும் பிஎச்.டி சேராதீர்கள். ஒரு கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறதென்றால் சேருங்கள். அது இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. உங்கள் ஊர்த் தண்ணீர், குப்பை, காற்று என ஏதாவது ஒரு பிரச்னையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரைகள் பத்தை ஒரு மாதத்துக்குள் படியுங்கள். பதினொன்றாவது கட்டுரையைத் தேடி நீங்களாகவே போனால், அடுத்த கேட் தேர்வுக்கு விண்ணப்பித்துவிடலாம்.