படகு வீடும் ஏரியின் நலமும்

கோடை விடுமுறை நெருங்கும்போது, பெங்களூரு பிரேசர் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்களிலும் ஆலப்புழைப் பயணம் பற்றிய பேச்சு எழுவதுண்டு. வேம்பநாட்டு ஏரியில் படகு வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓர் இரவு நீரின்மேல் தங்குவது இனிய அனுபவமே. ஆனால், படகைத் தேடுவோர் வாடகை எவ்வளவு, அறைகள் எத்தனை, குளிர்சாதன வசதி உண்டா என்றே கேட்கின்றனர். படகின் கழிவுநீர் எங்கே செல்கிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. அதுவே முதல் வினாவாக இருத்தல் வேண்டும்.

இப்படகைக் கேரள மக்கள் ‘கெட்டுவள்ளம்’ என்பர். மலையாளத்தில் ‘கெட்டு’ என்பது தமிழில் ‘கட்டு’ ஆகும். ‘வள்ளம்’ தமிழிலும் படகையே குறிக்கும். ஆணி அடிக்காமல், மரப்பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் இறுகக் கட்டிச் செய்ததால் இப்பெயர் வந்தது. முற்காலத்தில் இவை நெல்லும் நறுமணப் பொருள்களும் ஏற்றிச் சென்றன. சாலைகளும் லாரிகளும் பெருகியபின் வள்ளங்களுக்கு வேலை குறைந்தது. பின்னர் அவை சுற்றுலாப் பயணியர் தங்கும் வீடுகளாயின. மூங்கில் கழியால் உந்தப்பட்ட வள்ளத்தில் இன்று எஞ்சினும் சமையலறையும் கழிப்பறையும் உள்ளன. முறையாகப் பராமரிக்காவிடின், அது செல்லும் வழியெல்லாம் எண்ணெயையும் கழிவையும் விட்டுச் செல்லும்.

வேம்பநாடு கேரளத்தின் மிகப்பெரிய ஏரி. பம்பை, மணிமலை, மீனச்சில் முதலிய ஆறுகள் அதில் கலக்கின்றன. 2002ஆம் ஆண்டு அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கரையோர மக்கள் அந்நீரில் மீனும் சிப்பியும் எடுத்துப் பிழைக்கின்றனர். பயணிக்கு ஏரி ஓர் இரவுக்கு உரியது. அவர்களுக்கோ வாழ்நாள் முழுமைக்கும் உரியது.

ஏரி கெட்டால் என்னாகும் என்பதைப் பிரேசர் டவுன் பிள்ளைகள் தொலைவில் சென்று அறிய வேண்டியதில்லை. அருகிலுள்ள அல்சூர் ஏரியில் 2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவுநீர் கலந்து, நீரில் உயிர்வளி குறைந்ததே காரணம் எனக் கூறப்பட்டது. தம் ஊர் ஏரிக்கு நேர்ந்ததற்காக வருந்துவோர், அடுத்த ஊர் ஏரிக்கு அதையே செய்தல் முறையாகுமா?

படகு வீடுகளே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. படகோட்டிகள், சமையற்காரர்கள், தச்சர்கள் எனப் பலருக்கு இத்தொழில் சோறு போடுகிறது. ஒரு குடும்பம் கேட்பதால் என்ன மாறிவிடும் எனச் சிலர் வினவலாம். கழிவைத் தொட்டியில் சேர்த்துச் சுத்திகரிப்பு நிலையத்தில் ஒப்படைக்கும் உரிமையாளருக்குச் செலவு கூடும். ஏரியிலேயே கொட்டுபவர் குறைந்த வாடகைக்குப் படகைத் தர இயலும். வாடகையை மட்டும் பார்ப்பவர், அறியாமலே இரண்டாமவரை ஆதரிக்கிறார். கழிவைப் பற்றிக் கேட்டுத் தேர்ந்தெடுப்பவரோ நேர்மையானவரின் தொழிலைக் காக்கிறார்.

ஆகவே, படகைப் பதிவு செய்யுமுன் கழிவுத்தொட்டி உண்டா, அது எங்கே காலி செய்யப்படுகிறது என்று பெற்றோரைக் கேட்கச் சொல்வது பிள்ளைகளின் பொறுப்பாகட்டும். தெளிவான விடை கிடைக்காத படகை, வாடகை எவ்வளவு குறைவாயினும், விட்டுவிடுவதே நன்று.